கவுட் மாத்திரைகள்: எது எதற்கு, எதில் எச்சரிக்கை

கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) உள்ளவர் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று மாத்திரை அட்டைகள் இருக்கும். ஒன்று வலி மாத்திரை, முக்கால்வாசி காலியாகியிருக்கும். இன்னொன்று கோல்சிசின், நாலைந்து மாத்திரை எடுத்திருப்பார்கள். மூன்றாவது அலோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட். சில நாள் சாப்பிட்டுவிட்டு அப்படியே போட்டிருப்பார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "வலிதான் போயிடுச்சே" என்பார்கள். இல்லையென்றால், "அதை ஆரம்பிச்ச பிறகுதான் வலி ஜாஸ்தியாச்சு" என்பார்கள்.

இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒரே குழப்பம். கவுட்டுக்கு இரண்டு வேலைகளுக்காக இரண்டு வகை மருந்துகள் இருக்கின்றன. வந்துவிட்ட வலியையும் வீக்கத்தையும் அடக்குவது ஒரு வகை. வலிக்குக் காரணமான யூரிக் அமிலத்தைக் குறைப்பது இன்னொரு வகை. முதல் வகையைச் சில நாட்கள் சாப்பிட்டால் போதும். இரண்டாவது வகையை வருடக்கணக்கில், பலரும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாகிவிடுகிறது. சில நாட்களுக்கான வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள்; நெடுநாள் சாப்பிட வேண்டியதைச் சில நாளில் நிறுத்திவிடுகிறார்கள். பக்க விளைவுகளில் பெரும்பகுதி இந்தத் தலைகீழ் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அட்டைகளை எடுத்து, எது எந்த வகை என்று பிரித்து வைத்துவிடுங்கள்.

முதலில் மூன்று எண்கள்

ரத்தத்தில் யூரிக் அமிலம் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்த நிலையில் தங்காமல் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உடலின் குளிர்ந்த ஓரங்களில் இது எளிதாக நடக்கும். கால் பெருவிரல் மூட்டில் கவுட் முதலில் தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிகிச்சையின் இலக்கு 6-க்குக் கீழே. காது மடலிலோ முழங்கையிலோ விரல்களிலோ சுண்ணாம்புக் கட்டி போன்ற முடிச்சுகள் வந்துவிட்டவர்களுக்கு இலக்கு 5-க்குக் கீழே. அந்த அளவில் வைத்திருந்தால், படிந்துபோன படிகங்களும் மாதக்கணக்கில் மெல்லக் கரையும்.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். கடுமையான வலி இருக்கும் நாளில் ரத்தம் எடுத்தால் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டக்கூடும். அதை வைத்துக் கவுட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. வலி அடங்கி இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். இரண்டாவது, முழு உடல் பரிசோதனையில் யூரிக் அமிலம் 7.5 என்று வந்ததாலேயே ஒருவருக்குக் கவுட் என்று அர்த்தமில்லை. அளவு கூடுதலாக இருந்தும் வாழ்நாள் முழுக்க ஒருமுறைகூட மூட்டு வீங்காதவர்கள் ஏராளம். வலியோ முடிச்சோ சிறுநீரகக் கல்லோ இல்லாத ஒருவருக்கு அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரை தொடங்க வேண்டியதில்லை என்பதுதான் பொதுவான மருத்துவ நிலைப்பாடு. தேவையில்லாத மருந்துக்கும் பக்க விளைவு உண்டு என்பதால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

வலி வந்த நாளில்: மூன்று வழிகள்

திடீரென்று வரும் கவுட் வலிக்கு மூன்று மருந்து வழிகள் இருக்கின்றன: ஸ்டீராய்டு அல்லாத வலி மாத்திரைகள், கோல்சிசின், ஸ்டீராய்டு. மூன்றும் ஏறக்குறைய சமமாக வேலை செய்யும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் வலியின் கடுமை தீர்மானிப்பதில்லை. உங்களுக்கு வேறு என்ன நோய்கள் இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

எந்த வழியானாலும் சீக்கிரம் தொடங்குவது முக்கியம். மாத்திரையோடு, வீங்கிய காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அவ்வப்போது ஒற்றியெடுப்பதும் உதவும். சூடான ஒத்தடமும் எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம்.

வலி மாத்திரைகள்

நாப்ராக்ஸன், இண்டோமெதாசின், டைக்ளோஃபினாக், எடோரிகாக்ஸிப், அசிக்ளோஃபினாக் ஆகியவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சிறுநீரகமும் இதயமும் வயிறும் நன்றாக உள்ள ஒருவருக்கு மருத்துவர் சொன்ன அளவில் ஐந்திலிருந்து ஏழு நாள் கொடுத்தால் நல்ல பலன் தரும்.

மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு: "அண்ணே, கால் வீங்கியிருக்கு, போன தடவை குடுத்தீங்களே அந்த மாத்திரை ரெண்டு நாளைக்குக் குடுங்க." கடைக்காரர் ஒரு அட்டையை வெட்டிக் கொடுப்பார். வாங்குபவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இந்த மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரைப் பாதுகாக்கும் பொருளையும் சேர்த்துத்தான் குறைக்கின்றன. நெஞ்செரிச்சல், குடற்புண், முன்னறிவிப்பே இல்லாத ரத்தக் கசிவு வரலாம். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக மலம் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் முன்பு புண் வந்தவர்களுக்கும் பான்டோபிரசோல் போன்ற அமிலத் தடுப்பு மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது எரிச்சலைக் குறைக்கும், ஆனால் புண் வராது என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் இவை குறைக்கும். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில், ராமிபிரில், டெல்மிசார்டான் வகை மாத்திரையும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர், அதன் மேல் டைக்ளோஃபினாக்கையும் போட்டால், மூன்றும் சேர்ந்து சில நாளிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் வேலை என்று உடல் நீர் வற்றிய நாட்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எடோரிகாக்ஸிப் வயிற்றுக்குக் கொஞ்சம் மென்மையானது என்பது உண்மை. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் அதைத் தொடக் கூடாது.

கோல்சிசின்: செங்காந்தளிலிருந்து வரும் மருந்து

கவுட்டுக்காக மனிதன் பயன்படுத்தும் மருந்துகளில் மிகப் பழையது இது. ஐரோப்பாவில் குரோக்கஸ் போலப் பூக்கும் ஒரு செடியின் கிழங்கை 6-ஆம் நூற்றாண்டிலேயே மூட்டு வலிக்குக் கொடுத்தார்கள். 1820-இல் பிரான்சில் பெல்லெத்தியே, கவான்து என்ற இரு வேதியியலாளர்கள் அதிலிருந்து கோல்சிசினைப் பிரித்தெடுத்தார்கள்.

அதே வேதிப்பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் விவசாயிகள் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடுகிறார்கள். கொடியைக் கம்பிப் பந்தலில் ஏற்றிவிட்டு, பூக்கும் பருவத்தில் காலையிலேயே போய்ப் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும். காய் முற்றியதும் பறித்து உலர்த்தி விதையைப் பிரிப்பார்கள். அந்த விதைதான் கோல்சிசின் எடுக்கத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறது.

கிழங்கையோ விதையையோ வீட்டு வைத்தியமாக யாரும் சாப்பிடக் கூடாது என்பதையும் அந்த ஊர்க்காரர்கள் நன்றாகவே அறிவார்கள். அதைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. மருந்தாகும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடையே இதில் தூரம் மிகக் குறைவு. ஆகவே கோல்சிசின் மாத்திரையில் அளவுதான் எல்லாம்.

பழைய முறையில் வலி அடங்கும்வரை அல்லது பேதி தொடங்கும்வரை மணிக்கொன்றாகக் கொடுப்பார்கள். அது இப்போது தவறு என்று நிறுவப்பட்டுவிட்டது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மணி நேர இடைவெளியில் மொத்தம் 1.8 மி.கி. கொடுத்தவர்களுக்கும், ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுத்தவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. பேதியும் வாந்தியும் அதிக அளவு எடுத்தவர்களுக்கே மிக அதிகமாக வந்தன. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் 0.5 மி.கி. மாத்திரை. வலி தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்குள் இரண்டு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று என்பது சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கான வழக்கமான முதல் நாள் அளவு. மறுநாளிலிருந்து எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். வலி போகவில்லையே என்று நீங்களாக நான்காவது, ஐந்தாவது மாத்திரையைப் போடாதீர்கள்.

பேதி, வயிற்றுப் பிடிப்பு, குமட்டல் ஆகியவை பொதுவான பக்க விளைவுகள். பேதி தொடங்கினால் உடல் போதும் என்று சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் பேசுங்கள். அளவு மீறினால் முதல் நாள் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி, அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தாக்கும். பிழைத்தவர்களுக்கும் பிறகு தலைமுடி கொத்தாக உதிர்வதுண்டு. நடைமுறையில் கிடைக்கக்கூடிய மாற்று மருந்து இதற்கு இல்லை. டயாலிசிஸாலும் இதை வெளியேற்ற முடியாது.

கோல்சிசினோடு சேரக் கூடாத மருந்துகளின் பட்டியலைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள், வெராபமில், டில்டியாசெம் போன்ற இதய மருந்துகள், சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை கோல்சிசினை உடலிலிருந்து வெளியேற விடாமல் தேக்கிவைக்கும். சாதாரண அளவே விஷ அளவாகிவிடும். சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவருக்கு நீங்கள் கோல்சிசின் சாப்பிடுவது தெரிந்திருக்க வேண்டியது இதனால்தான். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேட்டின் சாப்பிடுபவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவர்கள், தொடையும் தோளும் பலவீனமாகி நாற்காலியிலிருந்து எழவே சிரமப்பட்டால் அதை முதுமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தசை பாதிப்பின் அடையாளம் அது.

ஸ்டீராய்டு

வலி மாத்திரையும் கோல்சிசினும் ஒத்துக்கொள்ளாத சிறுநீரக நோயாளிகளுக்குப் பெரும்பாலும் கைகொடுப்பது இதுதான். பிரெட்னிசலோன் 30 முதல் 35 மி.கி. வரை தினமும் ஒரு வேளை, ஐந்து நாட்கள் என்பது வழக்கமான அளவு. ஒரே ஒரு மூட்டு மட்டும் வீங்கியிருந்தால் அந்த மூட்டிலேயே ஊசி போடலாம். உடல் முழுவதும் மருந்து பரவுவது குறையும்.

சில நாட்களுக்கு எடுக்கும்போது தூக்கமின்மை, அதிகப் பசி, படபடப்பு, ரத்த அழுத்தம் கூடுவது ஆகியவை வரலாம். காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் தூக்கம் கெடுவது குறையும். சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, மதியத்துக்கு மேல் சர்க்கரை வெகுவாக ஏறும் என்பது. காலை வெறும் வயிற்றில் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். அந்த நாட்களில் மாலையிலும் பாருங்கள்; சர்க்கரை மருந்தின் அளவைத் தற்காலிகமாக மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள்.

வாரக்கணக்கில் எடுத்துவிட்டால் கதை வேறு. எலும்பு மெலியும், முகம் உப்பும், நோய் எதிர்ப்பு குறையும், கண்புரை வரும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்துபோயிருக்கும். எந்த மருந்து என்றே பெயர் இல்லாமல் பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. ஒரே நாளில் எல்லா மூட்டு வலியும் பறந்துபோகும் பொடியைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்த மூன்று வழிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று: மூட்டு வீங்கிச் சிவந்து, கூடவே நடுக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் அது கவுட்டாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் விபரீதமாகும். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள்

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். இதுவரை பார்த்த மருந்துகள் கொதிப்பை அடக்குபவை. இனி வருபவை எரிவதைப் பிடுங்குபவை.

வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி வருகிறது, முடிச்சுகள் தோன்றிவிட்டன, எக்ஸ்ரேயில் மூட்டு அரிப்பு தெரிகிறது என்றால் இவற்றைக் கட்டாயம் தொடங்க வேண்டும். முதல் முறை வலி வந்தவருக்கே சிறுநீரக நோய் இருந்தாலோ, கல் இருந்தாலோ, யூரிக் அமிலம் 9-ஐத் தாண்டியிருந்தாலோ தொடங்குவது நல்லது.

*அலோபியூரினால்.* முதலில் கொடுக்கப்படும் மருந்து இதுதான். சைலோரிக் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமானது. 1966-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் தேடியது கவுட் மருந்து அல்ல. ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை உடலில் ஒரு நொதி சீக்கிரம் சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுக்க ஒரு மருந்து வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் அதே நொதி என்பதால் கவுட்டுக்கு மருந்து கிடைத்தது.

இந்த வரலாறு இன்றைக்கும் ஒரு எச்சரிக்கையாக நிற்கிறது. மெர்காப்டோபியூரினோ, உடலில் அதுவாக மாறும் அசதையோபிரினோ சாப்பிடுபவர் அலோபியூரினாலைச் சேர்த்தால் அந்த மருந்து சிதையாமல் தேங்கி ரத்த அணுக்களை அழிக்கும். சிறுநீரகம் மாற்றியவர்களும், முடக்குவாதம், குடல் அழற்சி போன்றவற்றுக்கு அசதையோபிரின் எடுப்பவர்களும் அலோபியூரினால் எழுதும் மருத்துவரிடம் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

தொடங்கும் அளவு ஒரு நாளைக்கு 100 மி.கி.; சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்களுக்கு 50 மி.கி. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, 6-க்குக் கீழே வரும்வரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். பலருக்கு 300 மி.கி. போதாது, அனுமதிக்கப்பட்ட உச்சம் 800 மி.கி. வருடக்கணக்காக 100 மி.கி.யிலேயே நின்றுகொண்டு, ரத்தமும் பார்க்காமல், மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் அளவு போதாமல் தவிப்பவர்கள்தான்.

இதில் பயப்பட வேண்டிய பக்க விளைவு ஒன்றே ஒன்று: தோல் ஒவ்வாமை. பெரும்பாலானோருக்கு எதுவும் வராது. சிலருக்குச் சாதாரண அரிப்பும் தடிப்பும் வரும். மிக அரிதாக, காய்ச்சலோடு உடல் முழுக்கச் சிவந்து, வாயும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கும். கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் வரும். அதிக அளவில் தொடங்குவது இதற்கான வாய்ப்பைக் கூட்டும். குறைந்த அளவில் தொடங்கச் சொல்வது இதற்காகவே. ஹெச்எல்ஏ-பி 5801 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. ஹான் சீனர், தாய்லாந்துக்காரர், கொரியர் ஆகியோரிடம் இது அதிகம் காணப்படுவதால் அவர்களுக்கு மருந்துக்கு முன்பே பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டிய விதி எளிது. அலோபியூரினால் தொடங்கிய முதல் மூன்று மாதங்களில் தோலில் எந்தத் தடிப்பு வந்தாலும் அன்றே மாத்திரையை நிறுத்துங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். சரியாகிவிட்டது என்று நீங்களாக மறுபடியும் தொடங்காதீர்கள்.

*ஃபெபுக்ஸோஸ்டாட்.* அதே நொதியை வேறு விதமாகத் தடுக்கும். 40 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 80 மி.கி. கொடுப்பார்கள். அலோபியூரினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல மாற்று. கல்லீரல் நொதிகள் உயரலாம் என்பதால் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். குமட்டல், தடிப்பு, மூட்டு வலி வரலாம்.

இதய விஷயத்தில் இதைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. இதயநோய் உள்ள கவுட் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அலோபியூரினால் எடுத்தவர்களைவிட ஃபெபுக்ஸோஸ்டாட் எடுத்தவர்களில் இதயநோயால் இறந்தவர்கள் அதிகம் என்று அது சொன்னது. 2019-இல் அமெரிக்க மருந்து ஆணையம் இதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. பிறகு 2020-இல் பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அப்படி எந்தக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. நடைமுறையில் இதன் பொருள்: அலோபியூரினாலே முதல் தேர்வு. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் ஃபெபுக்ஸோஸ்டாட் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது எனக்கு இது சரியா என்று கேளுங்கள். அசதையோபிரினோடு இதுவும் சேரக் கூடாது.

*சிறுநீர் வழியே வெளியேற்றுபவையும் மற்றவையும்.* புரோபெனெசிட் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் அதிகம் வெளியேற்றும். கல் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் ஆகாது. எடுப்பவர்கள் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பென்ஸ்புரோமரோன் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்ததால் 2003-இல் பல நாடுகளில் விலக்கப்பட்டது. ஜப்பான் போன்ற நாடுகளில் இன்றும் கொடுக்கிறார்கள். எதற்கும் அடங்காத, முடிச்சுகள் நிறைந்த கவுட்டுக்கு பெக்லோடிகேஸ் என்ற மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றுவதுண்டு. ஒவ்வாமை கடுமையாக வரக்கூடும்; ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

தொடங்கிய முதல் மாதங்களில் வலி ஏன் கூடுகிறது?

யூரிக் அமிலம் குறையத் தொடங்கியதும் மூட்டில் பல வருடமாக உறைந்திருந்த படிகங்கள் அசைந்து உதிரும். அவை உதிரும்போது உடல் அவற்றை எதிர்க்கும். வீக்கமும் வலியும் வரும். மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம் இது. பலர் அட்டையைத் தூக்கிப் போடுவது சரியாக இந்த இடத்தில்தான்.

இதைத் தவிர்க்க, தொடக்கத்திலிருந்தே மூன்று முதல் ஆறு மாதம் வரை குறைந்த அளவு கோல்சிசினைத் தினமும் சேர்த்துக் கொடுப்பது முறை. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 0.5 மி.கி. மாத்திரை ஒன்று. உங்கள் மருந்துச் சீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

நடுவில் வலி வந்தாலும் அலோபியூரினாலையோ ஃபெபுக்ஸோஸ்டாட்டையோ நிறுத்த வேண்டாம். வலிக்கான மருந்தை அதன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருந்தால் யூரிக் அமிலம் ஏறி இறங்கும்; ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு வலி வரும். தோல் தடிப்பு வந்தால் மட்டும் முன்பு சொன்ன விதிப்படி நிறுத்த வேண்டும்.

வேறு நோய்களுக்கான மாத்திரைகள்

சில மருந்துகள் யூரிக் அமிலத்தை ஏற்றுகின்றன. ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதையசைட், குளோர்தாலிடோன், கால் வீக்கத்துக்குத் தரும் ஃப்ரூசமைட் ஆகியவை முதல் வரிசை. டி.பி. சிகிச்சையின் தொடக்க இரண்டு மாதங்களில் தரப்படும் பைரசினமைடும் ஏற்றும். மூட்டு வலி வந்தால் டி.பி. மருந்தை நிறுத்தாமல் சிகிச்சை மையத்தில் சொல்ல வேண்டும். இதயத்துக்காகத் தினமும் எடுக்கும் சிறிய அளவு ஆஸ்பிரினும் சற்று ஏற்றும். அதற்காக ஆஸ்பிரினை நிறுத்தினால் இழப்பு பெரிது.

குறைப்பவையும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான லோசார்டான், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் இறக்கும். உங்கள் அழுத்த மாத்திரையை மாற்ற வாய்ப்பிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- கறுத்த, பிசுபிசுப்பான மலம், ரத்த வாந்தி
- தோல் தடிப்போடு காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண், தோல் உரிதல்
- கோல்சிசின் எடுத்த பிறகு நிற்காத வாந்தி, பேதி
- சிறுநீர் வெகுவாகக் குறைதல்; முகமும் காலும் வீங்குதல்
- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்
- கண்ணும் தோலும் மஞ்சளாதல்
- எழுந்து நிற்க முடியாத தசை பலவீனம்
- மூட்டு வீக்கத்தோடு நடுக்கமும் காய்ச்சலும்

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நாட்டு மருந்தும் லேகியமும் அதில் அடக்கம். கடைசியாகப் பார்த்த யூரிக் அமிலம், கிரியேட்டினின், கல்லீரல் பரிசோதனை முடிவுகளைத் தேதியோடு வைத்திருங்கள். வலி வந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது வலிக்கான மாத்திரையா, யூரிக் அமிலத்துக்கான மாத்திரையா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? என் சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா? அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது?

இந்தக் கேள்விகளின் மதிப்பைக் காட்டும் ஓர் ஆய்வு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் நடந்து 2018-இல் வெளியானது. 517 கவுட் நோயாளிகளில் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கவனித்தார்கள். நோய் என்ன, மாத்திரை எதற்கு, ஏன் நிறுத்தக் கூடாது என்று உட்கார்ந்து விளக்கி, ரத்தம் பார்த்து அளவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு வருட முடிவில் அவர்களில் 95 சதவீதம் பேர் இலக்கை எட்டியிருந்தார்கள். வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் எட்டியது 30 சதவீதம்தான். செவிலியர்கள் கொடுத்ததும் புது மருந்து எதுவும் இல்லை. பெரும்பாலும் அதே பழைய அலோபியூரினால்தான்.

கவுட்டுக்கு மருந்து இருக்கிறது; அது விலை குறைந்தது, நெடுநாளாகச் சோதிக்கப்பட்டது. பக்க விளைவுகளுக்குப் பயந்து அதை ஒதுக்க வேண்டாம். அவற்றைத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். வலி மாத்திரையைக் குறைந்த நாட்களுக்கு, மருத்துவர் சொன்னபடி மட்டும் எடுங்கள். யூரிக் அமில மாத்திரையை வலி இல்லாத நாளிலும் எடுங்கள். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.